பஞ்சு அடைத்த டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கேட்க வேதாரண்யத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்ன கேள்வித்தாளைப் படித்தேன். பதினேழாவது கேள்வியை அடித்துவிடு. ‘சென்ற மாதம் எத்தனை நாள் மாத்திரை தவறியது?’ என்றால் எல்லோரும் ‘ஒரு நாளும் இல்லீங்க’ என்பார்கள். நானும் ஒரு வருஷம் பூஜ்யத்தைச் சுழித்துக்கொண்டே திரிந்தேன். ரத்தத்தில் வைரஸின் அளவைச் சொல்லும் வைரல் லோடு முடிவுகள் வந்தபோது என் அட்டவணையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற ஓர் அம்மாதான் எனக்குப் பாடம் எடுத்தார். மாத்திரை டப்பாவில் லேபிளைக் கிழித்துவிட்டு உள்ளே பஞ்சு அடைத்திருந்தார். “குலுங்குனா மருமவ என்னா மாத்திரைன்னு கேப்பா.” அப்படியே மாதக்கணக்கில் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். மகள் பிரசவத்துக்கு வந்தாள்; டப்பா இருந்த அறையில் அவளுக்குப் பாய் விரித்தார்கள். மாத்திரை நின்றது அப்போதுதான். மறதிக்கு என் தாளில் கட்டம் இருந்தது, பாய்க்கு இல்லை.

எனவே, டப்பா எங்கே இருக்கிறது, வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேள். ஆறுகாட்டுத்துறை மீனவரிடம், படகில் நாலு பேர் நடுவே எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேள். கஜா புயலைப் பற்றியும் கேள். 2018 நவம்பர் 16 விடிந்தபோது கூரை போன வீட்டில் ரேஷன் கார்டை ஊரறியத் தேடலாம். இந்த டப்பாவை?

மாத்திரையை 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. வாங்கப் போகிற நாளின் கூலியை யாரும் தருவதில்லை.

இன்னொன்று. வெறுமனே கேட்டுவிட்டு வராதே, சொல்லிவிட்டும் வா. சென்னையும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வொன்று 2011-இல் காட்டியது: சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. புருஷன் பெண்டாட்டிக்கு இதைவிட முக்கியமான சேதி எது? ஆனால் அதைக் கேள்விப்படாதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1986-இல் சென்னையில், சுனிதி சாலமன் வழிகாட்ட, எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பதை முதலில் கண்டறிந்த நிர்மலாவும் அப்போது உன்னைப் போல மாணவிதான். அன்று சோதனைக்கு ரத்தம் கொடுத்த பெண்களின் பெயர் இன்றுவரை வெளியே தெரியாது. தெரியவும் வேண்டாம். அதேபோல நீயும் பலகை மாட்டிய ஜீப்பில் போய்த் தெருவில் இறங்காதே; மாத்திரை சாப்பிடுகிறவரை, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலேயே சந்தி. 2017 எச்.ஐ.வி. சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. சட்டத்தை விடு, அந்தத் தெருவில் நாளைக்கும் அவர்தான் நடக்க வேண்டும்.

தாளைத் திருத்தி அனுப்பு. பதினேழில் என்ன வைத்தாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா