மண் சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: எங்கள் கிராமத்தில் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை. மண் சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: வேண்டவே வேண்டாம். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும், மண்ணையும் பெயர்த்துக்கொண்டு. இங்கிலாந்தில் டெவன் பகுதியின் மண் பண்ணை வீடுகளிலும் இதே கூத்துதான். சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

முதலில், மழைநீர் சுவரில் இறங்காமலிருக்க, உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கொட்டகைச் சுவரடியில் கோமியத்தின் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு மண் வைத்து அடைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். கொட்டகையும் பழைய வீட்டின் ஒரு பகுதிதான், அதை மட்டும் இடித்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட வீடுகளின் அருமை தெரிய, சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய பழைய வீடுகள் அங்கே இருக்கின்றன.