குளிர்காலமும் குளியலறையும்

தென்னாட்டிலிருந்து டில்லிக்குப் படிக்க வரும் நம்மவர்கட்கு முதல் ஆண்டில் மூன்று சோதனைகள் காத்திருக்கின்றன. மொழி ஒன்று, உணவு ஒன்று, குளிர் ஒன்று. முதல் இரண்டும் நாளடைவில் பழகிவிடும். காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தி வந்துவிடும். ராஜ்மாவும் சோறும் இறங்கத் தொடங்கும். குளிர் மட்டும் ஆண்டுதோறும் புதிதாகவே வருகிறது. சனவரி மாதத்தில் சில இரவுகளில் வெப்பநிலை 4 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அந்தக் குளிரோடு ஓர் ஆபத்தும் வருகிறது. இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையிலும், அதை நேரில் கண்டவன் என்ற முறையிலும் அதுபற்றிச் சில கூற விரும்புகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் நானும் நண்பர் ஒருவரும் பல்கலைக் கழகத்துக்கு அருகில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். குளியலறைக்குள்ளேயே சுவரில் காஸ் கீசர் பொருத்தப்பட்டிருந்தது. மேலே ஒரு சிறு காற்றுத் துவாரம். அதன் வழியாகக் குளிர்காற்று வந்து வாட்டியதால், அட்டைத் துண்டை மடித்து அதை அடைத்தேன். அடைத்த கை என்னுடையது, அதை மறைப்பதற்கில்லை.

நண்பர் குளிக்கும்போது பாடுவார். அடுத்த போர்ஷனில் இருந்த பஞ்சாபி அம்மையாருக்கு அது பெருந்தொல்லை. அவரை நாங்கள் ‘ஆண்டிஜி’ என்றே அழைப்போம். ஒருநாள் காலை அவர் எங்கள் கதவைத் தட்டினார். பாட்டைப் பற்றித்தான் குறை கூற வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவரோ, “பேட்டா, பாட்டு நடுவிலேயே நின்றுவிட்டதே, தண்ணீர் மட்டும் ஓடுகிறதே?” என்றார். கதவை உடைத்துப் பார்த்தபோது நண்பர் தரையில் கிடந்தார்.

வெளியே இழுத்துக் கிடத்திய சில நிமிடங்களில் அவர் கண் விழித்தார். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் கருவியை ஆண்டிஜியின் மகன் கொண்டுவந்தார். அது 98 காட்டியது. “இனிப் பயமில்லை” என்றேன் நான். ஆண்டிஜி கேட்கவில்லை, காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டே ஓய்ந்தார். அவர் செய்ததே சரி, நான் சொன்னது பெருந்தவறு என்பதை அங்கே டாக்டர் விளக்கினார்.

காரணத்தைப் பார்ப்போம். காஸ் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அது போதிய அளவு கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். போதாவிட்டால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தோன்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. சிலிண்டர் காஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் கிடையாது.

நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து செல்வது. அதனோடு கார்பன் மோனாக்சைடு 200 மடங்குக்கும் மேலான வலிவுடன் ஒட்டிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமற் போகிறது. சாதாரண விரல் கருவி இவ்விரண்டையும் பிரித்தறியாது. நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமென்றே காட்டும். அன்று நான் ஏமாந்தது இதனால்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த நஞ்சு பாதியாகக் குறைய 4 அல்லது 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

ஒரு சிறு கணக்கு. 4 அடி அகலம், 5 அடி நீளம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் 160 கன அடி, அதாவது ஏறத்தாழ 4,500 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்தும் கீசருக்கு நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் காற்று தேவை. பத்து நிமிடக் குளியலில் 2,000 லிட்டர்! துவாரமும் கதவும் அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே உணரலாம். இந்தக் கணக்கை நான் பரீட்சைக்காகப் பலமுறை போட்டவன். வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. காஸ் கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியில் இருக்க வேண்டும். வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். வீடு பார்க்கும்போதே இதைக் கவனியுங்கள்.

2. அதற்கு வழியில்லையேல், கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறியபின் குளியுங்கள். ஒருவர் பின் ஒருவராக உடனே நுழைய வேண்டாம். துவாரத்தை ஒருபோதும் அடைக்கலாகாது.

3. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் அரைகுறை எரிதல் என்று கொண்டு, மெக்கானிக்கை அழையுங்கள். நீலமாக இருக்கிறதே என்று மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது.

4. கரி அடுப்பாகிய அங்கீட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். புகை அடங்கிய தணலும் இந்த நஞ்சை வெளியிடும்.

5. மின்சார ஹீட்டர் பயன்படுத்துவோர் பிளக்கைக் கவனிக்கவும். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது.

6. தலைவலி, மயக்கம், குமட்டல், கால் தளர்வு ஆகியவை குளியலறையில் தோன்றினால் உடனே வெளியேறுங்கள். விழுந்தவரைக் கண்டால் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து, 112 எண்ணுக்குப் பேசுங்கள். கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காஸ் கசிவுக்கு 1906.

ஏழாவதாக ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள். நம்மவர்கள் நாலுபேர் ஓர் அறையில் கூடிவிட்டால் அதுவே தமிழ்நாடாகிவிடுகிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்று தெரியாமலே ஈராண்டு கழிந்துவிடுகிறது. நாம் எப்போது எழுகிறோம், எப்போது வெளியே போகிறோம் என்பதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய காவல். படியில் காணும்போது ஒரு ‘நமஸ்தே’, ஊரிலிருந்து வந்த முறுக்கில் ஒரு தட்டு, அவர் மகனுக்குக் கணக்கில் ஒரு மணி நேர உதவி, இவை போதும். எங்கள் வீட்டில் அத்தகைய பழக்கம் பாட்டைப் பற்றிய சண்டையில்தான் தொடங்கிற்று. அதுவும் நன்மைக்கே ஆயிற்று.

அந்த ஆண்டு சனவரி 13 அன்று தெருவில் லோஹ்ரி கொண்டாடினார்கள். நம் ஊரில் போகிக்குத் தீ மூட்டுவதுபோல் இங்கும் பொங்கலை ஒட்டித் தீ வளர்த்து, சுற்றி நின்று வேர்க்கடலையும் எள் மிட்டாயும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆண்டிஜி எங்களையும் அழைத்தார். நண்பர் பாடினார், இம்முறை பாடச் சொன்னவரே அவர்தான். வானத்தின் கீழ் எரிந்த அந்தத் தீயைச் சுற்றிக் காற்றுக்குப் பஞ்சமில்லை. அதைப் பார்த்தவாறே, அன்று மடித்த அட்டைத் துண்டை நான் நினைத்துக்கொண்டேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் இன்றே தம் குளியலறைத் துவாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக.