விளையாடத்தான் பீஸ் கட்டுகிறோமா?

ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை வீடு திரும்பியதும் பல வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு என்ன எழுதுன?” என்பதுதான். “விளையாண்டேன்” என்று பதில் வந்தால் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. நோட்டைப் புரட்டுகிறார்கள். பக்கம் காலியாக இருந்தால் டீச்சருக்குப் போன் போகிறது. அக்கறையில் பிறக்கும் பதற்றம்தான் இது. ஆனால் இந்தப் பதற்றத்துக்குப் பணிந்துதான் பல மழலையர் வகுப்புகளில் கட்டைகளும் பொம்மைகளும் அலமாரிக்குள் பூட்டப்படுகின்றன. மூன்று வயது விரல்கள் பென்சிலோடு மல்லுக்கட்டுகின்றன. இதற்குக் காரணமான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விளையாட்டு என்பது படிப்புக்கு நடுவே விடும் இடைவேளை.

உண்மை: அந்த வயதில் படிப்பு நடப்பதே விளையாட்டின் வழியாகத்தான். நான்கு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் கடை வைத்து விளையாடுவதைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சிரட்டைதான் தராசுத் தட்டு, பூவரச இலைதான் பணம், சிவப்புக் கட்டைதான் தக்காளி. “அக்கா, தக்காளி குடுங்க” என்கிறது ஒரு குழந்தை. கடைக்காரி மூன்று கட்டைகளை வைக்கிறாள். “இன்னும் ரெண்டு போடுங்க.” மூன்றாவது பிள்ளை ஒரு துண்டுத் தாளில் வளைவளைவாகக் கிறுக்கி, “இந்தாங்க பில்லு” என்று நீட்டுகிறது.

ஐந்து நிமிடத்துக்குள் அங்கே கூட்டல் நடந்துவிட்டது. ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவிக்கும் கற்பனை வேலை செய்திருக்கிறது. நாளை ‘அ’ என்ற கோட்டை ஓர் ஒலியாகப் பாவிக்க உதவப்போவதும் அதே திறன்தான். எழுத்து என்பது காரியத்துக்கு ஆகும் பொருள் என்று பில் போட்ட பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. தன் முறை வரும்வரை காத்திருப்பதும், விலை கட்டுப்படியாகாவிட்டால் பேசித் தீர்ப்பதும் கூடவே பழகுகின்றன.

நம்பிக்கை 2: நூறு வரை ஒப்பித்தால் பிள்ளைக்கு எண்கள் தெரியும்.

உண்மை: ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. இருபது வரை தடங்கலில்லாமல் சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு தட்டுப் புளியங்கொட்டையை வைத்து, “அஞ்சு எடுத்துக் குடு” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு பிடி அள்ளித் தந்துவிடுவார்கள். எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்ணறிவை வளர்ப்பதில் விளையாட்டுக்கு உள்ள வலிமையை அமெரிக்க ஆய்வாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் காட்டினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை, 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம். அந்தப் பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வீட்டில் பரமபதம் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். காய் நான்காம் கட்டத்தில் நிற்கிறது, இரண்டு விழுகிறது என்று வையுங்கள். “ஒண்ணு, ரெண்டு” என்று நகர்த்தாமல், “அஞ்சு, ஆறு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 3: சீக்கிரம் எழுதப் படிக்க ஆரம்பித்தால் மற்றவர்களை முந்திவிடலாம்.

உண்மை: அந்த முந்துதல் பெரும்பாலும் நிலைப்பதில்லை. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 11 வயது வாக்கில் இரு தரப்பும் வாசிப்பில் ஒன்றுபோல நின்றார்கள். பின்லாந்தில் முதல் வகுப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது.

பென்சில் பிடிக்க விரல்களுக்கு வலுவும், கண்ணும் கையும் ஒத்துழைக்கும் பக்குவமும் வேண்டும். களிமண் பிசைவதிலும், மணி கோர்ப்பதிலும், தாளைக் கிழித்து ஒட்டுவதிலும் அவை இயல்பாக வருகின்றன. விஜயதசமியன்று நாம்கூட பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதவைக்கிறோம்? அடுத்த நாளே நான்கு கோட்டு நோட்டுக்குத் தாவ வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

நம்பிக்கை 4: விளையாட்டு வகுப்பில் டீச்சருக்கு வேலையே இல்லை.

உண்மை: வேலை அதிகம், வெளியே தெரிவதுதான் குறைவு. பிள்ளைகளை வெறுமனே அவிழ்த்துவிட்டால் எண்ணும் எழுத்தும் தாமாக வந்துவிடாது. எந்தப் பொருளை எந்த மூலையில் வைப்பது, எப்போது கேள்வி கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பது என்பதையெல்லாம் நல்ல ஆசிரியர் முன்கூட்டியே யோசித்திருப்பார். கோபுரம் சரிந்ததும் அவர் ஓடிப்போய் அடுக்கித் தருவதில்லை. “ஏன் விழுந்துச்சு? பெரிய கட்டைய எங்க வைக்கலாம்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் பாடம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய வழிகாட்டப்பட்ட விளையாட்டைப் பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டி அலசி, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கநிலைக் கணக்கிலும், வடிவங்களை அறிவதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவதிலும் நேரடிப் போதனையைவிட இது நல்ல பலன் தந்திருந்தது.

நம்பிக்கை 5: இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. வசதியான பள்ளிகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

உண்மை: குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் அங்கன்வாடிகளுக்கென்று வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. 2022-இல் வெளிவந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே மையமாக வைக்கிறது.

பொருளுக்கும் பெரிய செலவில்லை. புளியங்கொட்டை, பாட்டில் மூடி, தீப்பெட்டி, பழைய சேலைத் துணி, ஒரு வாளித் தண்ணீர் போதும். சிறு பொருளை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாட மணல்மேடும் ஒரு துண்டுக் குச்சியும் தவிர வேறென்ன வேண்டும்? நமக்குப் பற்றாக்குறை பொருளில் இல்லை. இடத்திலும் ஆளிலும்தான். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து ஒரே டீச்சரிடம் ஒப்படைத்தால் அவரால் எந்தப் பிள்ளையிடமும் நின்று பேச முடியாது. பெற்றோர் சங்கடப்படாமல் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த முறை பள்ளி பார்க்கப் போகும்போது, எத்தனை நோட்டு என்று விசாரிப்பதை விட்டுவிட்டு வேறு நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? விளையாட்டுப் பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றனவா? ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாட்டுக்கு? பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்பதை நீங்கள் எப்படிக் கவனித்துக் குறித்துவைக்கிறீர்கள்? இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளியில், எல்.கே.ஜி. நோட்டு காலியாக இருந்தாலும் தயங்காமல் பிள்ளையைச் சேருங்கள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “இன்னைக்கு என்ன விளையாண்ட?” என்று கேட்டு, முழுப் பதிலையும் பொறுமையாகக் கேளுங்கள். அன்றைய பாடம் முழுவதும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.