செனட் சபை இருந்த காலம்

"முன்னாடி நம்ம நாட்டில ரெண்டு பாராளுமன்றம் இருந்திச்சாமே, சார்?" சாதாரண தரம் படிக்கிற ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. பாராளுமன்றம் ஒன்றுதான், அதற்குள் சபைகள் இரண்டு இருந்தன.

1947இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பின்படி கீழ்ச்சபையின் பெயர் பிரதிநிதிகள் சபை. அதில் 101 பேர். 95 பேர் மக்கள் வாக்கால் வந்தவர்கள், 6 பேர் மகாதேசாதிபதியின் நியமனம். மேல்சபைதான் செனட். அங்கே 30 பேர். செனட்டருக்கு நம்ம பாட்டன் பாட்டி யாரும் புள்ளடி போட்டதில்லை. 15 பேரைக் கீழ்ச்சபை உறுப்பினர்கள் தெரிவு செய்வார்கள். மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். பதவிக்காலம் 6 வருடம்; 2 வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். (1960 ஜூலையில் பிரதமரான சிறிமாவோ அம்மையார் அதன் பிறகு செனட்டராகி, செனட்டராக இருந்துதான் அந்தப் பதவியைத் தொடர்ந்தார். பலருக்கு இது தெரியாது.)

மேல்சபை எதற்கு? மலையில் நிறுத்த கொழுந்தை ஸ்டோரில் இன்னொரு தரம் நிறுத்துப் பார்க்கிற மாதிரி, அவசரத்தில் செய்த சட்டத்தை மறுபடி பார்க்கத்தான். தாமதிக்கலாம், முற்றாகத் தடுக்க முடியாது. பணம் சம்பந்தமான சட்டமென்றால் ஒரு மாதம்தான்.

ஆனால் இரண்டு தராசையும் ஒரே கை பிடித்தால் என்ன பிரயோசனம்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் நம்மவர்கள் 7 பேர் கீழ்ச்சபைக்குப் போனார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. செனட்டும் அதைத் தாண்டிப் போக விட்டது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் மாற்றினார்கள். 1952 தேர்தலில் லயத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு இல்லை. அதன் பிறகு 1960இல் தொண்டமான் ஐயா சபைக்குள் போனது நியமன உறுப்பினராகத்தான்.

1971 ஒக்டோபர் 2ஆம் திகதி செனட் ஒழிக்கப்பட்டது. இப்போது ஒரே சபை, 225 பேர். 196 பேர் மாவட்ட ரீதியாகவும் 29 பேர் தேசியப்பட்டியலிலும் வருகிறார்கள். 2024 தேர்தலில் பதுளைக்கு 9, மொனராகலைக்கு 6.

2017இல் ஒரு இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையை மறுபடி யோசித்தது. ஒவ்வொரு மாகாண சபையும் 5 பேரை அனுப்பும், பாராளுமன்றம் 10 பேரைத் தெரிவு செய்யும் என்பது யோசனை. அந்தக் கணக்கில் ஊவாவுக்கு 5 ஆசனம். அது சட்டமாகவில்லை. அந்த 5 பேரை அனுப்ப வேண்டிய ஊவா மாகாண சபையோ, 2014இல் தெரிவாகி 2019இல் காலம் முடிந்து கலைந்தது.