பதவியும் பணியும்

வேலூரினின்று ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் மாதனூர். தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற பகுதி இது. இவ்வூரில் பிரியும் சாலையொன்று ஆற்றைக் கடந்து, நெசவாளர் மிகுந்த குடியாத்தத்தை அடைகின்றது. அக்குடியாத்தமே காமராசரின் முதலமைச்சர் பதவியை நிலைபெறச் செய்த தொகுதியாகும்.

காமராசர் 1903ஆம் ஆண்டில் விருதுநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால், அவர்தம் படிப்பு ஆறாம் வகுப்பளவில் நின்றது. விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பன்முறை சிறை புகுந்தார். 1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். ஆறு திங்களுக்குள் அவ்வுறுப்பினராதல் வேண்டும் என்பது சட்டம். எனவே குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். மாற்றுக் கட்சியாகிய திராவிட முன்னேற்றக் கழகமும் அவரை ஆதரித்தது, வெற்றி பெற்றார்.

பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு 1953இல் வகுக்கப்பட்ட திட்டத்தை அவர் அரசு கைவிட்டது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இப்பணிகளில் அவருக்குத் துணைநின்றார்.

1963இல் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி துறந்தார். 1964இல் காங்கிரசின் தலைவராகி, அடுத்தடுத்து இரு பிரதமர்களைத் தெரிவு செய்வதில் முன்னின்றார். ஆயினும் அரிசிப் பஞ்சமும், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவர் கிளர்ச்சியும் மக்கள் மனத்தை மாற்றின. 1967 தேர்தலில், பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

பள்ளிகளைத் திறந்தவரை மாணவர் தலைவர் ஒருவர் வென்றது நன்றி கொன்ற செயலோ? அன்று. கல்வி பெற்றோர் நன்றியை மட்டும் கற்பதில்லை. ஆள்வோரை வினவும் துணிவையும் கற்கின்றனர். அத்துணிவும் கல்வியின் பயனேயாகும்.

காமராசர் பொதுவாழ்வை விட்டு விலகவில்லை. 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1975 அக்டோபர் 2இல் அவர் மறைந்தார். பள்ளி உணவுப் பணியோ நிற்கவில்லை. 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. வாக்கினால் வந்த பதவி வாக்கினாலேயே நீங்கும். பிள்ளைகளுக்கு இட்ட சோறும் எழுத்தும் நீங்கா.

பயிற்சி
1. காமராசர் குடியாத்தத்தில் போட்டியிட நேர்ந்தது ஏன்?
2. அவருடைய தோல்வியும் கல்வியின் பயனே என்பதனை விளக்குக.