ஹீப்ரு மறையின் ஓதற்குறிகள்

வேதபாராயணத்தில் ஸ்வரம் பிறழலாகாது என்பதை உற்சவத்திற்கு வந்துள்ள அன்பர்கள் நன்கறிவர். யூதர்களின் ஹீப்ரு மறையிலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. சொற்களின் மேலும் கீழும் இடப்பெறும் சிறு குறிகளை அவர்கள் ‘தஅமீம்’ என்பர். இதன் ஒருமையாகிய ‘தஅம்’ என்பதற்குச் சுவை என்றும் கருத்து என்றும் பொருளுண்டு.

கலிலேயக் கடற்கரையிலுள்ள திபேரியா நகரத்து மசோரா அறிஞர்கள் இக்குறிகளை நிலைபெறச் செய்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் கி.பி. 10ஆம் நூற்றாண்டினரான ஆரோன் பென் ஆஷேர். குறியானது இசையைக் காட்டும். சொல்லை அடுத்ததனோடு இணைப்பதா, நிறுத்துவதா என்பதைக் காட்டும். பெரும்பாலும் எவ்வசையை அழுத்துவது என்பதையும் காட்டும். இம்மூன்றாவது சிறிதெனத் தோன்றலாம். ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில், ராகேல் ஆடுகளுடன் கிணற்றடிக்கு வருவதைக் கூற ‘பாஆ’ என்னும் சொல் இருமுறை வருகிறது. எழுத்தில் வேற்றுமையில்லை. 6ஆம் வசனத்தில் குறி ஈற்றசையில் நிற்பதால் ‘வருகிறாள்’ என்பது பொருள். 9ஆம் வசனத்தில் முதலசையில் நிற்பதால் ‘வந்தாள்’ என்பது பொருள். பிரான்ஸ் தேசத்து உரையாசிரியர் ராஷி இந்நுட்பத்தை எடுத்துக்காட்டியுள்ளார்.

‘ஷல்ஷெலெத்’, அதாவது சங்கிலி, நெடிது அசைத்து ஓதப்பெறும் அரிய குறி. மோசேயின் ஐந்து ஆகமங்களில் நான்கே இடங்களில் காண்பது. சோதோமை விட்டு நீங்க லோத்து தயங்குமிடம் ஒன்று; எகிப்தில் அடிமையாயிருந்த யோசேப்பு எஜமானன் மனைவிக்கு இணங்க மறுக்குமிடம் மற்றொன்று. உள்ளத்தின் போராட்டத்தையே அவ்விசை உணர்த்துகிறது என்பர் சிலர். யோசேப்பின் திறத்தில் இஃது எத்துணைப் பொருத்தம்! மோசே பலியிடும் இடத்திலோ, சற்று வலிந்தே கொள்ள வேண்டியுள்ளது.

வியப்பு யாதெனில், ஜெபாலயத்தில் ஓதப்பெறும் தோற்சுருளில் இக்குறிகளுள் ஒன்றும் இராது. உயிர்க்குறிகளும் இரா. திங்கள், வியாழன், ஓய்வுநாள் ஆகிய தினங்களில் ஓதுபவர், குறியிட்ட நூலில் முன்னரே பயின்று நெஞ்சில் நிறுத்தி வருவார். சுருளைக் கையால் தீண்டாது, கைவடிவான கோலொன்றால் வரியைச் சுட்டியவாறு ஓதுவார். பொருள் மாறும்படி பிழைத்தால் அருகிருப்போர் உடனே திருத்துவர். அவர் அச்சொல்லை மீள ஓதியே மேற்செல்ல வேண்டும். ஏமன், மொராக்கோ, ஜெர்மனி ஆகிய நாட்டு வழியினர்க்குக் குறிகள் பொது. இசை மட்டும் வெவ்வேறு. ஆகவே இசையை நூலிலிருந்து மட்டும் பெறுதல் அரிது. பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவன் முதன்முறையாகச் சபைமுன் ஓத நிற்கையில், ஆசிரியர் வாய்க்கேட்டுப் பன்முறை பயின்ற ஓசையே அவனுக்குத் துணை.