எக்ஸ்ரேயில் விழாத தேய்மானம்

எளாவூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைக் கிராமங்களில் வீடு வீடாகப் பிசியோதெரபி கொடுக்கப் போகும் எனக்கு அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "எக்ஸ்ரே எடுத்தாச்சும்மா, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. முட்டி வலி மட்டும் போகலையே." சொல்பவர்களில் பலர் பழவேற்காடு ஏரிச் சேற்றில் குந்தியும் தவழ்ந்தும் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். அவர்கள் வலி பொய்யல்ல.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். குருத்தெலும்பு அதில் விழாது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்த பிறகுதான் தேய்மானம் என்று ஊகிக்க முடியும். குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அதனால் தொடக்கத்தில் வலிக்காது. கெட்டால் எளிதில் ஆறவும் ஆறாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குருத்தெலும்பையும் ஜவ்வையும் நேராகக் காட்டுகிறது. டி2 மேப்பிங் என்ற முறையில், குருத்தெலும்பு மெலியும் முன்பே அதன் நீர்ச்சத்தும் கொலாஜன் இழைகளும் மாறுவதைக்கூட அளக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் பயன்படுகிறது. நமக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. போதும்.

அதற்காக முட்டி வலிக்கும் எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில், 50 வயது கடந்த, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 89 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. வலியே இல்லாதவர்களும் அதில் அடக்கம். 2012இல் வந்த இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. முதலில் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன். முட்டி திரும்பத் திரும்ப வீங்கினால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டால், படகில் கால் திருகிய பின் நடையில் முட்டி நழுவினால், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று எலும்பு மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எளாவூரில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது கொண்டை ஊசி, மெட்டி, ஊக்கு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றத் தயங்கும் அக்காக்களை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அப்படியே. சத்தம் பலமாகக் கேட்கும், கதிர்வீச்சு இல்லை.

வீக்கம் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முட்டி வீங்கியிருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.